நீல நூல் கட்டிய சுருட்டு

“ஹலோ… ஆமாங்க, நெரெய்தாதான்… இல்ல, இப்ப வீட்ல இல்ல, வேலையில இருக்கேன். சாவிய பக்கத்து வீட்ல குடுத்து வச்சிருக்கேன்… சுத்துதுங்க. நல்லாவே சுத்துது. தண்ணிதான் வடியமாட்டேங்குது… ஆமா, ஆமா, துணி உள்ளயேதான் கிடக்கு… என்னது?… நான் எப்படி இருக்கேன்னா?… ஹலோ, யாருங்க பேசறது?”

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் யாரும் அவளை எப்படி இருக்கிறாய் என்று இதுவரை விசாரித்ததில்லை. நெரெய்தா போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைப் பார்த்தாள். தெரியாத எண். வலது கையில் சுருட்டு சீராகப் புகைந்துகொண்டிருந்தது. தம்போரில் என்ற ஊரில், முதலாளி தோன் எலிஹியோவின் சுருட்டுத் தொழிற்சாலை மாடியில், சுவை பார்க்கும் அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த அறைக்குள் காபி கூடாது, வாசனைத் தைலம் கூடாது, போன் கூடாது. மூன்றும் அவளே போட்ட விதிகள். அவள்தான் அங்கே தலைமைச் சுவைஞர். ரிப்பேர்காரருக்காக இன்று காலை மூன்றாவது விதியை மட்டும் அவளே கொஞ்சம் தளர்த்தியிருந்தாள்.

“…எந்த எவரிஸ்தோ?… ஓ.”

அந்த ‘ஓ’வுக்குள் ஒரு கல்யாணமும் ஒரு விவாகரத்தும் அடங்கியிருந்தன.

எவரிஸ்தோ அவளுக்குக் கணவனாக இருந்தவன். இலைகளைக் கலந்து சுருட்டுக்குச் சுவை அமைப்பது அவன் தொழில். ஹோண்டுராஸில் சொந்தத் தொழிற்சாலை வைக்கப்போகிறேன், மழைக்காலம் முடிவதற்குள் வந்து உன்னை அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மழைக்காலங்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே இருந்தன. தொழிற்சாலையும் வரவில்லை, அவனும் வரவில்லை. கடைசியில் வக்கீல்கள் கொண்டுவந்த காகிதங்களில் இருவரும் ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அவன் ஊர் திரும்பிவிட்டான் என்று அவள் காதில் விழுந்திருந்தது.

“…கோவமெல்லாம் இல்ல. ரிப்பேர்காரன்னு நினைச்சுட்டேன்… ஆமா, அதே பழைய மெஷின்தான்… வேண்டாம். நீ வந்து பாக்க வேண்டாம். போன தடவ நீ ரிப்பேர் பண்ணின இஸ்திரிப் பெட்டிய கடைசியில தூக்கித்தான் போட்டேன்… சரி. சரி. எங்கருந்து பேசற?… மோக்காவுல, அக்கா வீட்லயா?… அக்கா வீட்ல யாருய்யா காலங்காத்தால டோமினோ ஆடறா?… கேக்குதுய்யா. கட்டைய மேசையில அறையற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. முக்குக்கடையில நிக்கறேன்னு சொல்லிட்டுப் போயேன். நான் என்ன இப்ப உன்ன கேள்வி கேக்கற இடத்துலயா இருக்கேன்?”

பேசிக்கொண்டே சுருட்டை உதட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். புகையை வாய் நிறைய எடுத்து, பாதியை மெதுவாக மூக்கு வழியே விட்டாள். மூக்கில் எரிச்சல் இல்லை. வறுத்த முந்திரி, கொஞ்சம் காய்ந்த புல், அதற்கடியில் பால் ஏடு மாதிரி ஒரு வழவழப்பு. மேலிலை வெளிர்ப் பழுப்பில், நரம்பு தெரியாமல், பட்டுத் துணி போல இருந்தது. சாம்பல் உதிராமல் வெள்ளையாக நின்றது. நெருப்பு ஒரு பக்கம் ஓடாமல் வட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“…வேற என்ன பண்ணுவேன், சுருட்டுதான் பாத்துக்கிட்டிருக்கேன்… ஆமா, அதேதான். தினசரிச் சுருட்டு… உனக்கெப்படித் தெரியும்?… ஊரே பேசிக்குதா. ஊருக்கு வேற வேலையில்ல.”

ஊர் பேசியதில் வியப்பில்லை. தோன் எலிஹியோ இதுவரை விற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சுருட்டுகள். கல்யாணம், ஞானஸ்நானம், பேஸ்பால் கோப்பை என்று ஏதாவது காரணம் இருந்தால்தான் அவற்றைக் கொளுத்த மனசு வரும். இப்போது அவருக்கு ஒரு தினசரிச் சுருட்டு வேண்டும். கையால் சுருட்டியதாக, நன்றாகப் பதப்பட்ட முழு இலையாக இருக்க வேண்டும். ஆனால் மிதமாக இருக்க வேண்டும். ஒரு பஸ் டிரைவர் காலையில் மசித்த வாழைக்காயும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் பற்றவைத்தால், வண்டியை நேராக ஓட்டிப்போக முடிய வேண்டும். விலையும், அந்த டிரைவர் தன் மனைவிக்குத் தெரியாமல் மறைக்கத் தேவையில்லாத விலையாக இருக்க வேண்டும். கலவை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், பெயர் எழுதக் கூடாது, நூலின் நிறந்தான் அடையாளம் என்று அறிவித்திருந்தார். எந்தக் கலவை தேறுகிறதோ அதைக் கலந்தவருக்கு இங்கேயே வேலை. வந்த குவியலில் எல்லாம் கழிந்துபோய், சிவப்பு நூலும் நீல நூலும் மிஞ்சியிருந்தன. தீர்ப்புச் சொல்ல நெரெய்தாவையும் சேர்த்து மூன்று பேர்.

“எவரிஸ்தோ, ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. நீயும் அனுப்பியிருக்கியா?… நேரா சொல்லுன்னேன்… ம்… ம். நினைச்சேன். நினைச்சேன்னு என்ன, நேத்தே தெரியும். முதல் இழுப்புலயே தெரிஞ்சுபோச்சு… நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன். உன் சுருட்டு நேத்தே போயிடுச்சு… ஆமா, நான்தான் தள்ளினேன்.”

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

“…மிளகுய்யா. மூட்டையோட வாயில கவுத்த மாதிரி. தினசரிச் சுருட்டுன்னு கேட்டா நீ திருவிழாவுக்கு வெடி கட்டி அனுப்பியிருக்க. செடியிலயே காரமான உச்சி இலைய வெறிபிடிச்ச மாதிரி திணிச்சு… ஆமா, மத்தவங்க முன்னாடிதான் சொன்னேன். இதக் கலந்தவன சவப்பெட்டிக்குள்ள வச்சு ஆணி அடிச்சாலும் வாய மூடமாட்டான்னு சொன்னேன்… சிரிச்சாங்க. கூட சுவை பாக்கற ப்ரௌலியோவுக்குப் புரையேறிடுச்சு… நீ ஏன் சிரிக்கற?… சிவப்புதான். சிவப்பு நூல்… அப்படின்னா? உன்னோடது இல்லையா?… அப்ப எதுய்யா உன்னோடது?… நீலமா?”

மேசையில் வெள்ளைத் தட்டில், தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில், சற்றுமுன் அவள் அவிழ்த்துப் போட்ட நூல் சுருண்டு கிடந்தது. நீலம். அது நீலம்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சந்தேகத்துக்கே இடமில்லாத நீலம்.

போன் வருவதற்குச் சற்று முன்புவரை அவள் இந்தச் சுருட்டைக் கலந்த ஆளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவசரப்படாத ஆள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற ஆள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியராகவோ, சின்ன ஊர்ப் பாதிரியாராகவோ இருக்கலாம் என்று முடிவுகட்டி, அவரைச் சந்திக்க ஆசைகூடப் பட்டிருந்தாள்.

“…பேசு, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்… இல்ல, நான் நம்பல. எங்க, சொல்லு பாப்போம், உள்ள என்ன போட்ட?… ம்… நடு இலை, சரி… எந்த மேட்டுத் தோட்டம்?… ம். சுத்திக் கட்டற இலை?… சரி. உச்சி இலை எவ்வளவு?… எவ்வளவுன்னு கேட்டேன்… ஒண்ணுகூடவா இல்ல?… யோவ், உச்சி இலை இல்லாத சுருட்ட நீ என்னன்னு சொல்லுவ? ‘டீச்சரம்மாக்களுக்கு ஆவி பிடிக்கற மெஷின்’னு சொல்லுவ. எங்கம்மா முன்னாடி சொன்ன. எங்கம்மா டீச்சரு… ம்… ஞாபகம் இருந்தா சரி.”

அவன் சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. நாக்கில் இருந்ததும் காதில் விழுந்ததும் ஒத்துப்போயின. அந்த வறுத்த முந்திரி எங்கிருந்து வருகிறது என்று அவள் யோசித்திருந்ததற்கும் அவனிடம் விடை இருந்தது. வெளியே இலைக்கட்டுகளை இறக்கும் லாரி பின்னால் நகர்கிற ஒலி கேட்டது. அவள் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

“…சரி, நீதான். ஒத்துக்கறேன். ஆனா எப்படிய்யா? உனக்கு இது எப்படி வந்துச்சு?… ம்… ம்… ஹோண்டுராஸ்ல, தான்லிங்கற ஊர்லயா?… தனியாவா இருந்த? அப்ப அந்தக் கூட்டாளி?… எப்ப ஓடினான்?… ம்… ஒரே ரூமா… சமையல் யாரு?… நீயா?… அப்ப வெறும் வயித்துலதான் பிடிச்சிருப்ப… ம்… தல சுத்தி எங்க விழுந்த?… பஸ் ஸ்டாண்டுலயா… யாரும் தூக்கலயா?… ம்.”

அவன் பேசினான். கூட்டாளி ஓடிப்போன பிறகு இன்னொருவன் தொழிற்சாலையில் கூலிக்குக் கலவை போட்ட கதை அது. காலையில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அறை வாசலில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பிடித்துவிட்டு வேலைக்குப் போவதும், அந்தச் சுருட்டு அவனைக் கீழே தள்ளுவதும், அவன் ஒவ்வொரு இலையாக எடுத்துவிட்டு மறுபடி சுற்றிப் பார்ப்பதுமாக நாட்கள் போயிருக்கின்றன. உச்சி இலை முழுவதும் போன பிறகுதான் அவனுக்கு மற்ற இலைகளின் சுவையே தெரிந்திருக்கிறது. இதை அவன் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அது அவளுக்குப் புதிதாக இருந்தது.

கேட்டபடியே அவள் அடிக்கடி இழுத்துவிட்டாள். திடீரென்று நாக்கு நுனியில் ஒரு கசப்பு தட்டியது.

“…இரு. கசக்குது… உன் சுருட்டுதான் கசக்குது, வேற எது… பதறாத. பதறாதய்யா. தப்பு சுருட்டு மேல இல்ல. உன் பேச்சக் கேட்டுக்கிட்டே நான் கன்னாபின்னான்னு இழுத்துட்டேன், சூடேறிடுச்சு. மிதமான சுருட்ட அவசரப்படுத்தினா கசக்காம என்ன பண்ணும்… தெரியும்யா, எனக்கே பாடம் நடத்தாத. கீழ வச்சுட்டேன். அது ஆறட்டும்.”

சுருட்டைத் தட்டின் விளிம்பில் வைத்தாள். உப்பில்லாத பிஸ்கட்டை ஒரு கடி கடித்துத் தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

“…எவரிஸ்தோ, நீலம் உன்னோடதுன்னா, சிவப்பு யாரோடது?… உனக்கெப்படித் தெரியும், எனக்கே தெரியாது… அதத்தான் சொல்றேன். யாரோ ஒரு ஆளு. பேர் தெரியாத ஒரு ஆளு. அவன நான் நேத்து, உன்னன்னு நினைச்சுக்கிட்டு… ஆமா, சவப்பெட்டி, ஆணி, எல்லாம்… சிரிக்காத. சிரிக்கற விஷயம் இல்ல இது. நான் அத முழுசாக்கூட பாக்கலய்யா. ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நசுக்கிட்டேன்… இரு, வைக்காத. இல்ல, வை… இல்ல, இரு.”

போனை மேசைமேல் ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, மரப்பெட்டியிலிருந்து சிவப்பு நூல் கட்டிய இன்னொரு சுருட்டை எடுத்தாள். விரலால் நீளவாட்டில் அழுத்திப் பார்த்தாள். எங்கும் பள்ளமில்லை, முடிச்சில்லை. நுனியை வெட்டி, பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்தாள். காற்று தடையில்லாமல் வந்தது. பற்றவைத்தாள். மறுமுனையில் டோமினோக் கட்டைகளின் சத்தம் விலகிப் போயிற்று. அவன் கடையை விட்டுத் தள்ளி வந்து நின்றிருக்க வேண்டும்.

மிளகு இருந்தது, நேற்று இருந்த அதே அளவுக்கு. ஆனால் இன்று அவள் பொறுத்திருந்து பார்த்தாள். மிளகு விலகிய இடத்தில் கருப்புக் காபியும் ஈரமண்ணும் தோல்செருப்புக் கடையின் வாசமும் வந்தன. நிதானமாகச் செய்யப்பட்ட, தன்னைப் பற்றிப் பொய் சொல்லாத சுருட்டு.

“…இருக்கியா?… நல்ல சுருட்டு… ஆமா, காரம் காரந்தான். தினசரிக்கு ஆகாது, அதுல மாத்தமில்ல. ஆனா வாய மூடமாட்டான்னு சொன்னேன் பாரு, அது தப்பு. பேசுது, ஆனா விஷயத்தோட பேசுது. இது வேற ஆளு. உன்னோட பழைய கை மாதிரி இல்லவே இல்ல. எப்படி நான் நீன்னு நினைச்சேன்?… அப்படியா தோணுது உனக்கு? நீயா இருக்கணும்னு நான் ஆசப்பட்டேன்னா?… இருக்கலாம்.”

இருக்கலாம் என்று சொன்ன பிறகு அவளுக்கே அது உண்மை என்று பட்டது. எவரிஸ்தோ மாறியிருக்க மாட்டான் என்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கிறது.

“…சரி, இப்ப நீ சொல்லு. எதுக்கு போன் பண்ணின? கலவை அனுப்பினவன் சுவை பாக்கறவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு விதி இருக்கு, தெரியுமில்ல?… தெரிஞ்சுமா?… என்ன கேக்கப் போற, ஓட்டா?… இல்லையா? அப்ப?… திரும்பச் சொல்லு… ம்… ம்.”

இந்த முறை அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அவன் ஓட்டுக் கேட்கக் கூப்பிடவில்லை. தன் சுருட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தான். கடைசி இரண்டில் நீலம் இருக்கிறது என்று ஊரில் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஜெயித்தால் அதே கட்டடத்தில் தினமும் அவள் எதிரில் வந்து நிற்க வேண்டியிருக்கும். அவளுக்கு அது சங்கடமாக இருந்தால் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தோன் எலிஹியோவிடம் போய் என்னுடையதைக் கழித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

“…இதக் கேக்கறதுக்கா போன் பண்ணின?… நீயா?… ஹோண்டுராஸ் போறப்ப கேட்டியா?… கேக்கல. டிக்கெட் வாங்கிட்டு வந்து காட்டின… ம்… ம்… அது வேற பேச்சு, எவரிஸ்தோ. அத இன்னைக்கு எடுக்காத. அழவும் அழாத, கடக்காரன் பாப்பான்… சரி, அழல. சளிதான். சரி.”

அவள் சிவப்பு நூல் சுருட்டைத் தட்டில் வைத்தாள். நீலம் ஆறியிருந்தது. எடுத்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்தாள். கசப்பு போய்விட்டிருந்தது, முந்திரி திரும்பி வந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மாடியும் இந்தச் சன்னலும் இந்த நிம்மதியும் அவளுடையதாகவே இருக்கும். யாருக்கும் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

“…எடுக்காத… எடுக்காதன்னு சொன்னேன். உனக்காக இல்ல. சுருட்டு என்ன பண்ணுச்சு பாவம்… ஆனா ஒண்ணு, நீ கூப்பிட்டத நான் மறைக்க மாட்டேன். இப்பவே போய்ச் சொல்லப் போறேன்… தூக்கிடுவாங்கன்னா தூக்கட்டும். கூப்பிடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்… கெஞ்சாத. நான் சொல்லாம விட்டேன்னு வையி, நாளைக்கு நீ ஜெயிச்சா புருஷனுக்கு ஓட்டுப் போட்டாள்னு சொல்லுவாங்க. தோத்தா புருஷன பழிவாங்கினாள்னு சொல்லுவாங்க. எப்படிப் பாத்தாலும் நீ என் புருஷன்னு ஆயிடும். அது எனக்கு வேண்டாம்… இரு. கதவத் தட்டறாங்க. லைன்ல இரு. வாயத் தொறக்காத.”

வந்தது தோன் எலிஹியோ. எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கதவருகே நின்று மூக்கால் இரண்டு முறை மூச்சு இழுத்தார். இரண்டு சுருட்டும் எரிவது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார்.

நெரெய்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரிப்பேர்காரர் என்று போனை எடுத்தது, எடுத்த பிறகு வைக்காமல் பேசியது, நீலம் யாருடையது என்று தெரிந்துகொண்டது, அவன் திரும்ப எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தன் ஓட்டைச் செல்லாதென்று ஒதுக்கிவிடும்படி அவளே கேட்டுக்கொண்டாள். அவனைக் கழிப்பதா வேண்டாமா என்பதை மட்டும் அவரே தீர்மானிக்கட்டும் என்றாள்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உன் ஓட்டு செல்லாதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மற்ற இரண்டு பேரும் நேற்று சாயங்காலமே நீலத்துக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றார். அவன் கூப்பிட்டது அதற்குப் பிறகு. முடிந்துபோன விஷயத்தை யார் கூப்பிட்டும் கெடுக்க முடியாது.

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, சிவப்பு நூலைக் கலந்தவர் யாரென்று சொன்னால் அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள்.

தோன் எலிஹியோ தட்டிலிருந்த சிவப்பு நூல் சுருட்டை எடுத்து, சாம்பலைத் தட்டாமல் ஒரு இழுப்பு இழுத்தார்.

“நாந்தாம்மா,” என்றார்.

சன்னலுக்கு வெளியே யாரோ லாரிக்காரரிடம் இன்னும் பின்னால் வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“சவப்பெட்டி விஷயத்த ப்ரௌலியோ வந்து சொன்னான்,” என்று பெரியவர் தொடர்ந்தார். “எத்தன ஆணி அடிக்கணும்னு மட்டும் அவனுக்குச் சரியாச் சொல்லத் தெரியல.”

நெரெய்தாவின் காதுமடல் சூடாயிற்று.

“நேத்து நான் பேசினது தப்பு, தோன் எலிஹியோ. இன்னைக்கு முழுசாப் பாத்தேன். நல்ல சுருட்டு. விருந்து சாப்பிட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் வேலையில்லாதவன் பிடிக்க வேண்டியது. காலையில பஸ் ஓட்டப் போறவனுக்கு ஆகாது.”

பெரியவர் தலையசைத்தார். என் மனைவியும் இதையேதான் சொன்னாள், அவள் சொன்ன விதம் இன்னும் மோசம் என்றார். எழுந்தார். அந்த ஆளைத் திங்கட்கிழமை காலை வரச் சொல், ஆனால் சுவை பார்க்கும் நேரத்தில் இனி ஒருமுறை கூப்பிட்டால் இலைக் கொட்டடியில் மூட்டை தூக்கத்தான் வேலை என்றும் சொல் என்றார். சிவப்பு நூல் சுருட்டைப் பிடித்தபடியே வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

“…ஹலோ… இருக்கியா?… பேசலாம், போயிட்டாரு… எல்லாம் கேட்டுச்சா?… மூட்டை தூக்கறதும் கேட்டுச்சா?… சரி… ம்… சந்தோஷம்… சந்தோஷம்னுதான சொன்னேன், வேற எப்படிச் சொல்லணும்? ஆடிக்காட்டவா?… அக்காகிட்ட சொல்லு. முதல்ல அந்தக் கடையில இருக்கறவங்களுக்குச் சொல்லாத.”

உட்கார்ந்தாள். நீல நூல் சுருட்டு கையில் பாதிக்கும் கீழே வந்திருந்தது. காரம் கூடாமல், சூடு ஏறாமல், ஆரம்பத்தில் சொன்னதையே கடைசியிலும் சொல்லிக்கொண்டிருந்தது.

“…இப்ப நான் சொல்றதக் கேட்டுக்கோ. உன் மேசை கீழ்மாடியில, கடைசியில. என் மேசைக்குப் பக்கத்துல இல்ல… மத்தவங்க எல்லாரும் என்ன எப்படி மரியாதையாக் கூப்பிடறாங்களோ அப்படிக் கூப்பிடு. தோன்யா நெரெய்தா… ஆமா, தோன்யா. நீயும்தான்… சாப்பாட்டு நேரத்துல என் பக்கத்துல உக்காந்துகிட்டு ஹோண்டுராஸ் கதை சொல்லக் கூடாது… இல்ல, அந்தக் கதையும்தான். பஸ் ஸ்டாண்டுக் கதையும்தான்… அது எப்பவாவது நானா கேட்டா சொல்லு… கேப்பேனான்னு தெரியல. பாப்போம்.”

மறுமுனையில் கோழி ஒன்று கூவியது. யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

“…என்ன?… என் ஓட்டா? என் ஓட்டுதான் செல்லாதுன்னுட்டாரே… செல்லாட்டி என்ன, தெரிஞ்சு உனக்கு என்ன ஆகப்போகுது?… ம்… சும்மா தெரிஞ்சுக்கவா?… சரி, சொல்றேன். ஒரு தடவதான் சொல்லுவேன்.”

அவள் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்து, புகையை வாயில் வைத்திருந்து, எந்த அவசரமும் இல்லாமல் விட்டாள்.

“இழுவை நல்லாருக்கு. நெருப்பு நேரா இறங்குது. காரமில்ல, ஆனா சப்புன்னும் இல்ல. முதல்ல அவ்வளவாத் தெரியாது, பழகப் பழகத்தான் தெரியும். தினமும் காலையில கூட வச்சுக்கலாம். சலிக்காது.”

அவள் காத்திருந்தாள். பிறகு அவன் ஏதோ மெதுவாகக் கேட்டான்.

“…நான் சுருட்டப் பத்திச் சொன்னேன்யா,” என்று சொல்லிவிட்டு நெரெய்தா போனை வைத்தாள்.